கப்பல் கலகப் படங்களைப் பார்த்துவிட்டு நாம் செய்யும் தவறுகள்

பிரிட்டிஷ் கடற்படையின் பவுண்டி கப்பலில் 1789இல் மாலுமிகள் செய்த கலகத்தை வைத்து ஆங்கிலத்தில் மூன்று பெரிய படங்கள் வந்திருக்கின்றன, 1935, 1962, 1984 என்று. மூன்றுமே எனக்குப் பிடித்தவை, நண்பர்களிடமும் பார்க்கச் சொல்வேன். ஆனால் பார்த்தவர்கள் அதுதான் வரலாறு என்று பேச ஆரம்பிக்கும்போது திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் தவறுகிறார்கள்: கலகம் என்றால் ஒரு கொடுங்கோல் கேப்டனுக்கும் ஒரு நல்லவனுக்கும் நடக்கும் சண்டை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

1935 படத்தில் சார்லஸ் லாட்டன் நடித்த பவுண்டியின் கேப்டன் பிளை, செத்துப்போனவன் உடம்பின் மீதும் கசையடியை நிறுத்த விடுவதில்லை. ஒரு மாலுமியைக் கயிற்றில் கட்டிக் கப்பலுக்கு அடியில் இழுக்கும் காட்சியும் உண்டு. நிஜ பவுண்டியில் அப்படி யாரையும் இழுக்கவில்லை. கசையைப் பொறுத்தவரை, அந்தக் காலத்தில் பசிபிக் பக்கம் போன மற்ற பிரிட்டிஷ் கேப்டன்களைவிட பிளை அதைக் குறைவாகத்தான் பயன்படுத்தினார். அவருடைய குறை அவர் வாய். 1789 ஏப்ரல் 27 அன்று, மேல்தளத்தில் குவித்து வைத்திருந்த தேங்காய்கள் குறைந்துவிட்டன என்று அதிகாரிகளை வரவழைத்து விசாரித்து, பின்னால் கலகத்துக்குத் தலைமை தாங்கிய ஃபிளெட்சர் கிறிஸ்டியனை எல்லார் முன்னாலும் திருடன் என்று ஏசினார். மறுநாள் விடியற்காலையில் கலகம் வெடித்தது.

தேங்காய்க்காகவா இவ்வளவும் என்று கேட்காதீர்கள். அந்தக் கப்பல் ஏறக்குறைய 90 அடி நீளம், கிளம்பியபோது அதில் 46 பேர். கேப்டனுக்கு உரிய பெரிய அறையை தாஹிட்டி என்ற பசிபிக் தீவிலிருந்து கொண்டுபோக வேண்டிய ஈரப்பலாக் கன்றுகள் வைக்கும் இடமாக மாற்றியிருந்தார்கள், அதனால் மற்ற எல்லாரும் இன்னும் நெருக்கிக்கொண்டு கிடந்தார்கள். கேப்டனுக்குக் காவலாக நிற்க வேண்டிய கடற்படைச் சிப்பாய்கள் ஒருவர்கூட இல்லை. முறையான அரசு நியமனம் பெற்ற அதிகாரி பிளை மட்டும்தான், அவரும் பதவியில் வெறும் லெப்டினன்ட். தாஹிட்டியில் ஐந்து மாதம் கரையில் சுதந்திரமாக இருந்த ஆட்களை மறுபடி இந்தக் கூட்டுக்குள் அடைத்து, மேலே இருந்து ஓயாமல் வசைபாடினால் என்ன ஆகும்? படத்தில் இந்த நெருக்கடி தெரியாது. 1962 படத்துக்காகக் கட்டிய கப்பலே கேமராக்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காக நிஜக் கப்பலைவிடப் பெரிதாகக் கட்டப்பட்டது.

வயதையும் கவனியுங்கள். கலகம் நடந்தபோது பிளைக்கு 34, கிறிஸ்டியனுக்கு 24. இருவரும் ஏற்கெனவே வேறொரு கப்பலில் சேர்ந்து பயணம் செய்தவர்கள், பவுண்டியில் கிறிஸ்டியனுக்குத் தற்காலிக லெப்டினன்ட் பதவி கொடுத்ததே பிளைதான். 1962 படத்தில் ஐம்பதை நெருங்கிய டிரெவர் ஹோவர்ட் பிளையாக வந்ததும் கதை கிழவனுக்கும் இளைஞனுக்கும் நடக்கும் சண்டையாகிவிடுகிறது. 1984 படம் இந்த நட்பைக் காட்டியது, எனக்கு அது ஒன்றே போதும் அந்தப் படத்தைப் பாராட்ட.

நிஜமான கொடுங்கோலன் வேண்டும் என்றால் 1797இல் ஹெர்மயோனி என்ற பிரிட்டிஷ் கப்பலின் கேப்டனாக இருந்த ஹியூ பிகாட்டைப் பாருங்கள். பாய்மர உச்சியிலிருந்து கடைசியாக இறங்குபவனுக்குக் கசையடி என்று மிரட்டி, அவசரத்தில் மூன்று பேர் விழுந்து செத்தபோது உடல்களைக் கடலில் வீசச் சொன்னவர் அவர். அந்தக் கப்பல் ஆட்கள் அவரையும் 9 அதிகாரிகளையும் கொன்றார்கள். மக்கள் மனதில் கொடுங்கோலனாகப் பதிந்திருப்பது என்னவோ பிளைதான்.

அடுத்த தவறு, கப்பலில் இருந்த எல்லாரும் கிறிஸ்டியன் பக்கம் என்று நினைப்பது. கலகக்காரர்கள் பிளையை இறக்கிவிட்ட 23 அடிப் படகில் அவரோடு 18 பேர் இறங்கினார்கள், அதற்குமேல் இடமில்லை. பிளைக்கு விசுவாசமானவர்களிலேயே சிலரைக் கலகக்காரர்கள் வேண்டுமென்றே கப்பலில் நிறுத்திக்கொண்டார்கள், ஆயுதக் கொல்லர் கோல்மன் அப்படிப்பட்டவர். கலகக்காரர்களைப் பிடிக்க அனுப்பிய பண்டோரா கப்பல் வந்து தாஹிட்டியில் 14 பேரைப் பிடித்தபோது இவர்களையும் சேர்த்தே விலங்கிட்டு மேல்தளத்தில் ஒரு மரக்கூண்டில் அடைத்தார்கள். 1791 ஆகஸ்டில் அந்தக் கப்பல் ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் மோதி மூழ்கியதில் நான்கு கைதிகள் செத்தார்கள். 1792இல் விசாரணைக்கு வந்த 10 பேரில் கோல்மன் உட்பட நால்வர் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள், மூவர் தூக்கில் தொங்கினார்கள். இன்னொன்று, பண்டோராவின் கேப்டன் எட்வர்ட் எட்வர்ட்ஸ். 1935 படத்தில் பிளையே அந்தக் கப்பலில் துரத்திக்கொண்டு வருவது கற்பனை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறு. ஈரப்பலாக் கன்றுகள் எதற்கு? மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்ட அடிமைகளுக்குச் செலவில்லாமல் சோறு போட. பயணத்தின் நோக்கமே அதுதான், ஆனால் படம் பார்த்துவிட்டு அதைப் பற்றி ஒருவர்கூடப் பேசுவதில்லை. அப்புறம் கிறிஸ்டியனும் கூட்டாளிகளும் ஒளிந்துகொள்ளப் போன பிட்கெய்ர்ன் தீவு. 9 கலகக்காரர்களோடு அங்கே போனவர்களில் 6 பாலினீசிய (பசிபிக் தீவுகளைச் சேர்ந்த) ஆண்களும் 11 பெண்களும் ஒரு குழந்தையும் உண்டு. அந்தப் பெண்களில் பலர் விரும்பிப் போனவர்கள் இல்லை. நிலத்தை வெள்ளையர்கள் தங்களுக்குள் மட்டும் பங்கிட்டுக்கொண்டார்கள், பாலினீசிய ஆண்களை அடிமைகளாக நடத்தினார்கள். 1793இல் அந்த ஆண்கள் திருப்பி அடித்தார்கள், கிறிஸ்டியன் செத்தது அப்போதுதான். 1962 படத்தில் கிறிஸ்டியனாக வரும் மார்லன் பிராண்டோ எரியும் கப்பலைக் காப்பாற்றப் போய்த் தீக்காயத்தில் உயிர் விடுவது கண்ணீர் வரவைக்கும் காட்சிதான், ஆனால் கப்பல் எரிந்தது 1790 ஜனவரியில், நிஜக் கிறிஸ்டியன் அதற்குப் பிறகும் மூன்று வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். அந்த முடிவை நம்பினால் ஆறு பாலினீசியர்களின் கலகம் கதையிலிருந்தே அழிந்துபோகிறது.

சரி, ரஷ்யப் பக்கம். 1925இல் ஐசன்ஸ்டைன் எடுத்த பொட்டம்கின் படம் அந்தப் பெயருள்ள ரஷ்யப் போர்க்கப்பலில் நடந்த 1905 கலகத்தைப் பற்றியது. புழு வைத்த இறைச்சி நிஜம், மாலுமி வாகுலென்சுக் சுடப்பட்டதும் நிஜம். ஒடெசா நகரப் படிக்கட்டில் மக்களைச் சுட்டுத்தள்ளும் படுகொலை மட்டும் படத்தில் உள்ளபடி நடக்கவில்லை. ஒடெசாவில், குறிப்பாகத் துறைமுகத்தில், அப்போது நிறையப் பேர் கொல்லப்பட்டது உண்மை. அந்தக் காட்சியின் படத்தை வரலாற்றுப் புகைப்படம்போல எடுத்துப் போடாதீர்கள். படம் வெற்றிக் களிப்போடு முடியும். நிஜக் கப்பலோ கரியும் உணவும் கிடைக்காமல் அலைந்து ருமேனியாவின் கான்ஸ்டன்ட்சாவில் சரணடைந்தது. கலகத்தின் தலைவர் மத்துஷென்கோ 1907இல் ரஷ்யா திரும்பித் தூக்கில் போடப்பட்டார்.

கலகம் என்றாலே ரத்தம் என்பதும் சரியில்லை. 1797இல் இங்கிலாந்துக் கரையோரம் ஸ்பிட்ஹெட்டில் பிரிட்டிஷ் மாலுமிகள் செய்தது பெரும்பாலும் வேலைநிறுத்தம், நூறு வருடத்துக்கு மேல் உயராத சம்பளத்தை உயர்த்த வைத்து மன்னிப்பும் வாங்கினார்கள்.

நம் நாட்டில் 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தல்வார் என்ற கடற்படைத் தளத்தில் தொடங்கியதும் அப்படித்தான், அந்த மாலுமிகள் வைத்த பெயரே வேலைநிறுத்தக் குழு. அங்கேயும் மோசமான சாப்பாடு, அங்கேயும் கிங் என்ற தளபதியின் இழிவான பேச்சு. ஆனால் பல நகரங்களில் சுமார் 20,000 பேர் சேர்ந்தது ஒரு தளபதியின் வாய்க்காக மட்டும் இல்லை: சம்பளத்தில் நிறவேற்றுமை, போர் முடிந்ததும் வேலை போகும் பயம், இந்திய தேசிய ராணுவத்தினர் மீது நடந்த வழக்குகள் என்று எல்லாம் சேர்ந்து வந்தது. இதைப் படமாக எடுக்க யாராவது முன்வந்தால் கிங்கை வில்லனாக்கி முடித்துவிட வேண்டாம். வேலை இழந்த அந்த மாலுமிகளைச் சுதந்திர இந்தியாவும் பாகிஸ்தானும் தங்கள் கடற்படையில் திரும்பச் சேர்க்கவில்லை, அதுவும் திரையில் வர வேண்டும்.