கருப்பைக்குள் கமரா விட்டுப் பார்க்கப் போகிறீர்களா? இந்தப் பிழைகளை விடாதீர்கள்

மாதவிடாய் நின்று ஆறு வருடத்துக்குப் பிறகு என் பெரியம்மாவுக்குத் திரும்பவும் இரத்தம் பட்டது. டொக்டர் ஹிஸ்டரோஸ்கோபி என்று எழுதிக் கொடுக்க, கர்ப்பப்பையை எடுக்கப் போகிறார்கள் என்று பயந்து, நல்லூர்த் திருவிழா முடியட்டும், அப்புறம் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டார். முதல் பிழையே இதுதான். எடுப்பது ஹிஸ்டரெக்டமி, இது வேறு. சில மில்லிமீற்றர் தடிப்புள்ள குழாய்க் கமராவை யோனி வழியாக விட்டு, உப்புநீரால் கருப்பையைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கிறார்கள். வயிற்றில் வெட்டுமில்லை, தையலுமில்லை. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் நாள் கடத்த வேண்டாம். புற்றுநோயா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும்.

மாதவிடாய் வருகிறவர்கள் திகதியைச் சரியாகச் சொல்லுங்கள். இரத்தம் நின்றதும் வரும் நாட்களில் கருப்பையின் உட்சவ்வு மெல்லியதாக இருக்கும், தெளிவாகத் தெரியும். கர்ப்பமோ என்று சின்னச் சந்தேகம் இருந்தாலும் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், கர்ப்பத்தில் இதைச் செய்யக் கூடாது. இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை குடிக்கிறவர்கள் அதையும் மறைக்க வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

சாப்பாட்டில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். முழு மயக்கம் கொடுத்துச் செய்வதென்றால் வழமையாக 6 மணித்தியாலம் வெறும் வயிறு. விழித்திருக்கும்போதே செய்வதென்றால் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், வெள்ளிக்கிழமை விரதத்தோடு போய்ப் படுத்தால் தலை சுற்றி விழுந்துவிடுவீர்கள். எது உங்களுக்கு என்று கிளினிக்கிலேயே கேளுங்கள், ஒரு மணித்தியாலத்துக்கு முன் நோக்குளிசை போடலாமா என்பதையும் சேர்த்து.

பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். "பிள்ளை பெத்தனீங்கள்தானே, இது தாங்கேலாதோ" என்று யார் சொன்னாலும் சரி, வலி மிஞ்சினால் நிறுத்தச் சொல்லுங்கள், நிறுத்தத்தான் வேண்டும். மயக்கத்தில் இன்னொரு நாள் செய்யலாம்.

முழு மயக்கம் என்றால் தனியே போக வேண்டாம். நெடுந்தீவிலிருந்து வருகிறவர்கள் அன்றைக்கே குறிகட்டுவானில் படகு பிடிக்க நினைக்காமல் யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு இரவு தங்குங்கள். சில நாட்களுக்கு அடிவயிறு பிடிக்கும், கொஞ்சம் இரத்தம் படும், தோள் கூட வலிக்கலாம், இது பயமில்லை. காய்ச்சல், கெட்ட மணம், பாட் நனைந்து நனைந்து மாற்றுகிற அளவு இரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

பரிசோதனைக்குச் சதைத் துண்டு எடுத்திருந்தால் ரிப்போட்டை எடுக்காமல் விடாதீர்கள். பெரியம்மாவுக்கு வலி போனதும் ரிப்போட்டும் மறந்துபோனது, கிளினிக் கொப்பியைத் தேடிப் பிடித்து நான்தான் போய் எடுத்து வந்தேன். வெறும் பொலிப், புற்றுநோயில்லாத சதை வளர்ச்சிதான்.