வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் கம்யூனிட்டி காலேஜ் படிப்பு: கலிஃபோர்னியாவில் என்னென்ன வழிகள்

படிக்க ஆசை இருந்தும் "எனக்கு எங்கே நேரம்" என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரிகள்) இருக்கின்றன. மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் மதிப்பெண் அலகு) 46 டாலர், அதாவது மூன்று யூனிட் பாடம் 138 டாலர். மாநிலவாசி என்று காட்ட ஓராண்டுக்கு மேல் இங்கே வசித்ததற்கான ஆதாரம் வேண்டும். எச்4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் துணைவர், பிள்ளைகளுக்கானது) இருப்பவர்களும் இதற்குத் தகுதி பெறலாம், அதனால் கட்டணப் பட்டியலில் வெளிமாநிலத் தொகையைப் பார்த்ததுமே மனம் விட்டுவிடாதீர்கள்.

பாடம் எடுப்பதற்கு முன்னால், அந்த யூனிட்டை எங்கே கொண்டுபோகப் போகிறீர்கள் என்று பாருங்கள். நான்காண்டுப் பட்டத்துக்கு மாறுவதாக இருந்தால், உங்கள் காலேஜின் எந்தப் பாடம் எந்த யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அல்லது கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) வளாகத்தில் எதற்கு ஈடாகும் என்பது அசிஸ்ட் (assist.org) தளத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு கவுன்சிலரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் வகுப்பு அட்டவணை. ஆன்லைன் என்று போட்டிருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. நேரம் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் குறிக்காமல் இருந்தால், குழந்தை தூங்கியபின் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்துகூடப் படிக்கலாம்; மாலை 6 முதல் 8.50 வரை என்று போட்டிருந்தால் அந்த நேரத்தில் ஜூமில் இருந்தே ஆக வேண்டும். ஹைப்ரிட் என்றால் சில நாட்கள் நேரில் போக வேண்டியிருக்கும், அது எந்தெந்த நாள் என்று குறிப்பில் படித்துவிடுங்கள். நேரக் கட்டாயம் இல்லாத வகுப்பிலும் முதல் வாரமே உள்ளே நுழைந்து ஏதாவது ஒரு வேலையை முடித்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வரவில்லை என்று பெயரை எடுத்துவிடுவார்கள்.

ஆகஸ்டில் சேரத் தவறினால் ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம், அக்டோபரில் தொடங்கும் எட்டு வார வகுப்புகளும் உண்டு. ஆனால் பாடம் குறையாது, வாரங்கள்தான் குறையும். முழு செமஸ்டரில் மூன்று யூனிட்டுக்கு வாரம் ஒன்பது மணி நேரம் என்றால், எட்டு வாரத்தில் அது பதினெட்டு. நான் ஆறு வாரக் கோடை வகுப்பில் அக்கவுண்டிங் எடுத்து, பள்ளி விடுமுறையில் பிள்ளையையும் வைத்துக்கொண்டு திணறி, மூன்றாம் வாரம் விலகினேன். டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) இடையில் விலகியதைக் காட்டும் 'டபிள்யூ' விழுந்தது. பணத்தையும் திரும்பப் பெற்று, 'டபிள்யூ'வும் இல்லாமல் விலகும் கடைசித் தேதியை அன்றே காலண்டரில் குறித்திருந்தால் அது விழுந்திருக்காது. அந்தத் தேதி ஒவ்வொரு வகுப்புக்கும் வேறு, குறுகிய வகுப்புகளில் மிகச் சீக்கிரம் வந்துவிடும்.

வகுப்புக்கே போகாமல் யூனிட் சேர்க்கவும் வழி இருக்கிறது. ஏற்கனவே தெரிந்த பாடத்துக்கு காலேஜே தேர்வு வைத்து யூனிட் தரும், சில துறைகளில் வேலை அனுபவத்தைப் பார்த்தும் தருவார்கள். கிளெப் (CLEP) என்று வெளியே எழுதிக் கல்லூரி யூனிட் பெறும் தேர்வுகள் உண்டு; அவற்றை கால் ஸ்டேட் ஏற்கும், யூசி ஏற்காது. யூசி கனவு இருப்பவர்கள் அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். ஊரில் வாங்கிய பட்டத்தைச் சும்மா பெட்டியில் வைக்காமல், மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மூலம் மதிப்பிட்டுக் காலேஜில் கொடுத்துப் பாருங்கள், சில பாடங்களைத் திரும்பப் படிக்காமல் தப்பலாம். எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள்.

எஃப்1 (மாணவர்) விசாவில் இருப்பவர்களுக்கு மட்டும் இவ்வளவு சுதந்திரம் இல்லை. முழுநேரக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் சேரும்.

வேண்டிய வகுப்பு நிரம்பிவிட்டதா? காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டு, முதல் நாளே ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வராதவர்களின் இடம் காலியாகும்போது அவர் வகுப்பில் சேர்வதற்கான எண் ஒன்று தருவார், அதற்கும் கெடு உண்டு, வந்த அன்றே பதிந்துவிடுங்கள்.