ஊர்த்தேர் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அச்சுக்கு எண்ணெய் விடுவதும் கடையாணியைத் தட்டிப் பார்ப்பதும் எல்லோருக்கும் தெரியும். புதிதாகத் தேர் கட்ட வரும் பிள்ளைகள் வருடா வருடம் சறுக்குவது வேறு இடங்களில்.

பச்சை மூங்கில்

முந்தின நாள் வெட்டிய மூங்கிலில் கூண்டு கட்டினால் வெயிலில் மூங்கில் வற்றி, கட்டுகள் தளரும். முதல் பள்ளத்திலேயே கூண்டு நெளியும். காய்ந்த மூங்கிலையே எடுங்கள். தேரோட்டத்தன்று காலை, சீலை சுற்றுமுன், ஒவ்வொரு முடிச்சையும் அசைத்துப் பார்த்து முறுக்குங்கள். சீலை ஏறிவிட்டால் முடிச்சு கண்ணில் படாது.

உயரக் கணக்கு

தேர் நிலையில் நிற்கும்போதே கூண்டு வரை அளந்துவிட்டு, "பதினெட்டு அடிதான், கம்பி இருபதுக்கு மேலே" என்று முடித்துவிடுகிறார்கள். பொறுக்கவே முடியாத தவறு இது. அந்தக் கணக்கில் கலசம் இல்லை, குடையும் இல்லை. தெருவைக் கடக்கும் உயர் மின்னழுத்தக் கம்பி தரையிலிருந்து 6.1 மீட்டருக்கு, அதாவது 20 அடிக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆனால் கம்பி இழுத்த பிறகு அந்தத் தெருவில் இரண்டு முறை தார் போட்டிருப்பார்கள். தேர் உயர்ந்துவிட்டது, கம்பி அங்கேயே இருக்கிறது. சித்திரை வெயிலில் அது இன்னும் தொய்யும்.

"கம்பிக்கு நேர்கீழே போகவில்லையே" என்பார்கள். சக்கரங்களுக்கிடையே 5 அடி உள்ள 20 அடித் தேரில் ஒரு சக்கரம் அரை அடி இறங்கினால், உச்சி 2 அடி சாயும்.

2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேரின் உச்சி உயர் மின்னழுத்தக் கம்பியில் பட்டது. 11 பேர் இறந்தார்கள், அவர்களில் சிறுவர்களும் உண்டு.

சாலையிலிருந்து குடை நுனி வரை அளந்துகொள்ளுங்கள். கம்பி உயரத்தை மின்வாரிய ஊழியர் பார்க்கட்டும். கழியைத் தூக்கி நீங்கள் அளக்கவே வேண்டாம். ஈர மூங்கிலிலும் நனைந்த மாலையிலும் மின்சாரம் பாயும். கம்பியில் உரசாவிட்டாலும், மிக நெருங்கினாலே பாயும். முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, தேர் நிலைக்குத் திரும்பும் வரை மின்சாரத்தை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். குடையும் கலசமும் கழற்றி மாட்டும்படி இருக்கட்டும்.

வாழைமரம்

கீழ்க்கால்களில் மட்டும். மேலே பாரம் ஏறினால் தேர் ஆடும்.

முட்டுக்கட்டை

ஒரு சக்கரத்துக்கு மட்டும் போட்டால் தேர் நிற்காது, திரும்பும். நிறுத்த வேண்டுமானால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். கட்டை போடுபவர் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும், ஒருபோதும் முன்னால் நிற்கக் கூடாது.