பெருங்குடல் இல்லாத வயிற்றுக்குச் சமைப்பது எப்படி?

அல்சரேட்டிவ் கொலைடிஸ் எனப்படும் பெருங்குடல் அழற்சியோடு ஒன்பது ஆண்டுகள் மல்லுக்கட்டினேன். கடைசியில் பெருங்குடலையே எடுத்துவிட்டார்கள். இப்போது சிறுகுடலின் நுனி வயிற்றின் வலப்பக்கம் வெளியே எட்டிப் பார்க்கிறது; உள்ளுதடு போலச் சிவந்து, ஈரமாக இருக்கும். இதுதான் இலியோஸ்டமி. அதன்மேல் ஒட்டிய பைக்குள் மலம் நேரம் காலம் பார்க்காமல் இறங்கும்.

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பி, அடுப்படியில் நின்று விழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெருங்குடலின் நுனியை வெளியே கொண்டுவரும் கொலாஸ்டமி செய்துகொண்டவர்களுக்குப் பெருங்குடலில் ஒரு பகுதி மிச்சமிருக்கும். கீழே வரும் உப்புக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

படி 1: அளவுக் குவளை ஒன்று வாங்குங்கள்

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும். கனம் கூடினால் ஒட்டு விட்டுப்போகும். முதல் சில வாரங்கள் ஒவ்வொரு முறையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அருவருப்பாகத்தான் இருக்கும், நான்கு நாளில் பழகிவிடும். தொடக்கத்தில் தண்ணீராகப் போவது, குடல் பழகப் பழகக் கெட்டியான கஞ்சிப் பதத்துக்கு வரும். ஒரு நாளைக்கு 500 முதல் 1,000 மில்லி வரை வந்தால் கவலையில்லை. 1,500 மில்லியைத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

படி 2: தாகத்துக்கு உப்பு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

வீட்டுக்கு வந்த பன்னிரண்டாம் நாள். நல்ல வெயில், அடங்காத தாகம். சொம்பு சொம்பாகத் தண்ணீர், இடையில் மூன்று இளநீர். சாயங்காலத்துக்குள் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. எழுந்து நின்றால் கண் இருட்டியது. பையோ அரை மணிக்கொரு முறை நிரம்பியது. "இவ்வளவு தண்ணீர் குடித்துமா?" என்று வீட்டில் எல்லோரும் திகைத்தார்கள். வெளியே எட்டிப் பார்க்கும் அந்தக் குடல் நுனிக்கு ஸ்டோமா என்று பெயர். தொலைபேசியில் ஸ்டோமா செவிலியர் கேட்டது ஒரே கேள்வி: "உப்பு எவ்வளவு சார் எடுத்தீங்க?"

உணவிலுள்ள நீரையும் உப்பையும் கடைசியாக உறிஞ்சி உடம்புக்குத் திருப்பித் தருவது பெருங்குடல். அது போனபின் இரண்டும் பைக்குள் போகின்றன. பைக்குள் இறங்கும் போக்கு அதிகமாக இருக்கும் நாளில் வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தால், சிறுகுடல் தன்னிடமிருக்கும் சோடியத்தையும் (உப்பின் முக்கியப் பகுதி) அந்தத் தண்ணீருக்குள் விட்டுவிடும். உப்பு போகிற வழியில் தண்ணீரும் போகும். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. அதை அருமருந்தாக நினைத்துக் குடித்ததுதான் நான் செய்த தவறு. ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடித்திருக்கலாம்.

ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவு நீரில் கரைத்துக் குடிப்பது எளிது. அதிலுள்ள குளுக்கோஸ், சோடியத்தைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகும். போக்கு மிகுந்தவர்களுக்கு லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் கலவை ஒன்று உண்டு: 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் குளுக்கோஸ் பொடி 20 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம். கரண்டிக் கணக்கில் முறையே தலைதட்டி ஆறு தேக்கரண்டி, தலைதட்டி ஒன்று, குவித்து அரை. சுவை கடல்நீருக்குத் தம்பி மாதிரி. குளிர வைத்து, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்காதீர்கள். இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பைக் கூட்டும் முன்பே கேட்டாக வேண்டும்.

மற்ற நாட்களுக்கு உப்புப் போட்ட நீர்மோரும் வடித்த கஞ்சியும் போதும். சிறுநீர் அடர்மஞ்சளானால் உடம்பு கேட்கிறது என்று பொருள்.

படி 3: முதல் ஆறு வாரம்

குடல் வீங்கியிருக்கும் காலம் இது. நொய்க்கஞ்சி, இட்லி, இடியாப்பம், குழைந்த பருப்புச் சாதம், தயிர்ச் சாதம், தோல் சீவி மசித்த உருளைக்கிழங்கு, சுரைக்காய்க் கூட்டு, வேகவைத்த மீன், முட்டை. வேளைக்கு வயிறு முட்டச் சாப்பிடாமல், ஐந்தாறு முறையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். போக்கு நீர்த்தால் பழுத்த வாழைப்பழமும் ஜவ்வரிசிக் கஞ்சியும் அதைக் கட்டும். புதிய பொருளை நாளுக்கு ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், வம்பு செய்தது எது என்று தெரியும்.

பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் பை சிவந்திருந்தால் அலறாதீர்கள். நான் அலறினேன்.

படி 4: அடைப்புக்கு அஞ்சுங்கள்

"நார்ச்சத்து சாப்பிட்டால்தான் குடலுக்கு நல்லது ராசா" என்று என் சித்தி வாழைத்தண்டுப் பொரியலோடு வந்தார். ஊருக்கெல்லாம் சரியான அறிவுரைதான். ஆனால் வயிற்றுச் சுவரைத் துளைத்து வரும் இடத்தில் குடல் குறுகலாக இருக்கும். செரிக்காத நார் அங்கே பந்தாகச் சுருண்டு நிற்கும். வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு, தேங்காய்ச் சில், வேர்க்கடலை, மக்காச்சோளம், காளான், ஆரஞ்சுச் சுளையின் தோல் ஆகியவற்றை முதல் ஆறு வாரம் தொடவே வேண்டாம். முருங்கைக்காய் சாம்பாரின் சாறு மட்டும் போதும்.

நான்கைந்து மணி நேரமாகப் பையில் ஒன்றும் விழாமல், வயிறு முறுக்கி வலித்தால் அடைப்பாக இருக்கலாம். திட உணவை நிறுத்துங்கள். வாந்தி இல்லையென்றால் வெதுவெதுப்பாக ஏதாவது குடித்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் படுத்து, ஸ்டோமாவைச் சுற்றி மெல்லத் தடவிக் கொடுங்கள். வாந்தி வந்தாலோ வலி தீராவிட்டாலோ உடனே மருத்துவமனை. பேதி மருந்து மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது. ஸ்டோமா கறுத்தாலும் நீலம் பாய்ந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

படி 5: விடியற்காலையில் பை மாற்றுங்கள்

காபிக்கு முன்னால், வெறும் வயிற்றில். அப்போதுதான் போக்கு குறைவு. ஆறு முதல் எட்டு வாரம் வரை ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும், ஆகவே வாரம் ஒருமுறை அளந்து, அதைவிட 2 மில்லிமீட்டர் பெரிதாக மட்டும் ஓட்டையை வெட்டுங்கள். இடைவெளி கூடினால் தோல் வெந்துபோகும். துடைக்கும்போது துளி ரத்தம் வருவது வழக்கம்தான்.

இன்னொன்று: மாத்திரை பையில் முழுசாக வந்து விழுந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மெல்லக் கரையும் வகை மாத்திரைகள் நம் குட்டைப் பாதைக்குத் தோதுப்படாது. சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் வெட்டியிருந்தால் பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த வைட்டமின் உள்ளே நுழைவது அங்கேதான்.

படி 6: பழைய இலைக்குத் திரும்புதல்

ஆறு வாரம் கழிந்தபின் ஒவ்வொன்றாக, கைப்பிடி அளவில், கூழாகும்வரை மென்று சாப்பிட்டுப் பாருங்கள். கோஸ், மொச்சை, சோடா பானம் ஆகியவை பையில் காற்றடைக்கும். மீன், பூண்டு, பெருங்காயத்தின் வாசம் பையைத் திறக்கும்போது தூக்கும், தயிர் ஓரளவு தணிக்கும். எனக்கு வேர்க்கடலை இன்றுவரை ஒத்துவரவில்லை. பொடித்துச் சட்னியாக அரைத்தால் ஒத்துக்கொள்கிறது.

எட்டாம் மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தேன். அவியலில் முருங்கைக்காயையும் தேங்காயையும் கண்டதும் இலையின் ஓரத்துக்குத் தள்ளினேன். பருப்பு, ரசம், தயிர் என்று மூன்று முறை சாதம் வாங்கினேன். அப்பளம் இரண்டு, இலையில் வைத்த உப்பையும் மிச்சம் வைக்கவில்லை.