மயங்கினால் படுக்கட்டும், மூச்சுத் திணறினால் உட்காரட்டும்

கல்யாண மண்டபத்தில் மொய் எழுத வரிசையில் நிற்கும் ஒருவர், புழுக்கத்தில் முகம் வெளுத்து, வியர்த்து, அப்படியே சரிகிறார். உடனே நாலு பேர் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். இன்னொருவர் சோடாவை உடைத்து வாயருகே கொண்டுபோவார். நல்ல மனசுதான். ஆனால் இரண்டுமே தவறு.

நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. ரத்த அழுத்தம் சரிவதைக் கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் இருக்கும் உணர்விகள் உடனே மோப்பம் பிடித்து, மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் சொல்லிவிடும். இதயம் வேகமெடுக்கும், ரத்தக்குழாய்கள் இறுகும். நாள் முழுக்க நமக்குத் தெரியாமலே நடக்கும் அனிச்சைச் செயல் இது. நெடுநேரம் நிற்பது, ரத்தத்தைப் பார்ப்பது, ஊசி பயம் என்று ஏதாவது ஒன்றில் சிலருக்கு இது தலைகீழாகத் திரும்பிவிடும். வேகமெடுக்க வேண்டிய இதயம் மெதுவாகி, இறுக வேண்டிய குழாய்கள் விரிந்து, மூளைக்கு ரத்தம் போதாமல் ஆள் விழுகிறார். விழுந்ததும் தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வருவதால், அந்த விழுதலே பாதி வைத்தியம். தூக்கி உட்கார வைத்தால் அதைக் கலைக்கிறோம். மூளைக்கு ரத்தம் வரத் தாமதமானால் கைகால் உதறவும் செய்யும். அப்புறம் கூட்டம் வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைத் தேடும்.

முதலில் மூச்சு சீராக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 108-ஐ அழைத்து, நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். சீராக இருந்தால் மல்லாக்கப் படுக்க வைத்து, அந்த நாற்காலியில் அவருடைய கால்களைத் தூக்கி வையுங்கள். நிறைமாதக் கர்ப்பிணியை மட்டும் இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். முழு நினைவு திரும்பும்வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். ஒரு நிமிடத்தில் தெளியாவிட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஓடும்போது மயங்கியிருந்தாலோ அது சாதாரண மயக்கமில்லை.

வயதானவர்களுக்கு இந்த அனிச்சைச் செயல் சோம்பலாகிவிடும். நாள்பட்ட சர்க்கரை நோயும், அழுத்தத்துக்கும் புராஸ்டேட்டுக்கும் போடும் மாத்திரைகளும் அதை இன்னும் மந்தமாக்கும். நடுராத்திரியில் படுக்கையிலிருந்து விருட்டென்று எழுந்து கழிப்பறைக்குப் போவதுதான் இவர்கள் செய்யும் பெரிய தவறு. சற்று உட்கார்ந்து, பாதங்களை நாலைந்து முறை ஆட்டிவிட்டு எழட்டும். மருத்துவரிடம் நின்ற நிலையிலும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நின்று மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 குறைந்தால் அவர் மருந்தை மாற்றிப் பார்ப்பார். நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

மூச்சுத் திணறலில் கதையே வேறு. இங்கே “படுங்க, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க” என்பதுதான் தவறு. இதயம் தளர்ந்தவர் படுத்தால் கால்களில் இருந்த ரத்தம் நுரையீரலுக்குத் திரும்பித் தேங்கும். நுரையீரலின் நுண்குழாய்களை ஒட்டி இருக்கும் உணர்விகள் இந்தத் தேக்கத்தில் தூண்டப்பட்டு, மூச்சை மேலோட்டமாகவும் வேகமாகவும் ஆக்குகின்றன. 1950களில் இவற்றைக் கண்டறிந்தவர் நம் நாட்டு விஞ்ஞானி அவ்தார் சிங் பெயின்டால். மூன்று தலையணை இல்லாமல் அப்பாவால் தூங்க முடியவில்லை என்றால், அது தலையணைப் பிரச்சினை அல்ல, இதயப் பிரச்சினையாக இருக்கலாம். மூச்சுத் திணறும்போது நிமிர்ந்து உட்கார வைத்து, காலைத் தொங்கவிடச் சொல்லி, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இதயம் தளர்ந்த இவர்களுக்கே நடக்கும் இன்னொரு கொடுமை, “உடம்பு அசதியா இருக்கு, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க” என்று கேட்டு வாங்குவது. தளர்ந்த இதயம் குறைவாகத் தள்ளுவதை, உடம்பே ரத்தம் குறைந்துவிட்டது என்று தப்புக்கணக்குப் போட்டு, சிறுநீரகம் வழியாக உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. அதன்மேல் ஒரு பாட்டிலும் ஏற்றினால் நுரையீரல் தாங்காது.

கோவிட்டுக்குப் பிறகு பல வீடுகளில் ஆக்சிஜன் கருவியும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இருக்கின்றன. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள தாத்தாவுக்கு 90 காட்டினால் பதறிப்போய், 98 வரும்வரை திருகிவிடுகிறார்கள். இந்த நோயாளிகள் பலருக்கு மருத்துவர்கள் வைக்கும் இலக்கே 88 முதல் 92 வரைதான். ஆக்சிஜன் அதிகமானால் மூச்சு விடும் உந்துதல் குறையும் என்பார்கள், அது பாதிக் கதை. காற்று சரியாகப் போகாத பகுதிகளில் நுரையீரல் தன் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, ரத்தத்தை நல்ல பகுதிக்குத் திருப்பி விட்டிருக்கும். அளவுக்கு மீறிய ஆக்சிஜன் அந்த ஏற்பாட்டைக் குலைத்துவிட, ரத்தத்தில் கரியமில வாயு ஏறுகிறது. அதற்காக ஆக்சிஜனை அடியோடு நிறுத்துவதும் ஆபத்துதான், மருத்துவர் எழுதிய அளவிலேயே ஓடட்டும். ஆக்சிமீட்டர் 98 காட்டும்போதே தாத்தா வழக்கத்துக்கு மாறாக அசந்து தூங்கினால், எழுப்பினாலும் குழறினால், நிம்மதியாகத் தூங்குகிறார் என்று விட்டுவிடாமல் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.