ஸ்காண்டிநேவிய பாணியில் எளிய அன்றாட உடை: தொடக்கநிலையினருக்கான செய்முறை

டென்மார்க், நார்வே, ஸ்வீடன் ஆகிய நாடுகளின் பெண்கள் உடுத்தும் முறையைப் படங்களில் பார்ப்பவர்கள், சந்தன நிறத்தில் நான்கு உடைகள் வாங்கினால் அந்தப் பாணி கைவந்துவிடும் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அந்தப் பாணியைப் பெரிதும் வடிவமைத்தது அங்குள்ள வானிலை. டிசம்பர் மாதத்தில் ஸ்டாக்ஹோமிலும் ஓஸ்லோவிலும் பகல் வெளிச்சம் ஏறத்தாழ 6 மணி நேரமே கிடைக்கிறது. வெளியே கடுங்குளிர் இருக்க, கட்டடங்களின் உள்ளே வெப்பமூட்டப்பட்ட அறைகள் இருக்கின்றன. கோபன்ஹேகனிலோ கடற்காற்றும் மிதிவண்டிப் பயணமும் இவற்றுடன் சேர்ந்துகொள்கின்றன. காலையில் உடுத்தியதை மாலைவரை சேர்த்தும் கழற்றியும் சமாளிக்க வேண்டியிருப்பதால், அங்கே ஒவ்வோர் உடுப்பும் மற்றவற்றுடன் இணங்கிப்போவதாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அந்த இணக்கத்தை எப்படி உண்டாக்குவது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: அலமாரியைத் திறந்து பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன், கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் திரும்பத் திரும்ப எடுத்து உடுத்தியவற்றை மட்டும் கட்டிலின்மேல் பரப்பி வையுங்கள். அவற்றின் நிறம், துணி, அளவு ஆகிய மூன்றையும் பார்த்தாலே உங்கள் உடலுக்கும் வேலைக்கும் எது ஒத்துவருகிறது என்பது தெரிந்துவிடும். ஸ்வீடன் மக்கள் மிகையும் குறையும் இல்லாத அளவை ‘லாகோம்’ என்ற சொல்லால் குறிப்பிடுவார்கள். இந்தப் படிக்கு அந்தச் சொல்லே போதுமான வழிகாட்டி.

படி 2: மூன்று நிறங்களைத் தேர்ந்தெடுங்கள்

கருப்பு, கருநீலம், அடர்சாம்பல் ஆகியவற்றுள் ஒன்றை அடர்நிறமாகவும், வெள்ளை, சந்தனம், வெளிர்சாம்பல் ஆகியவற்றுள் ஒன்றை வெளிர்நிறமாகவும் எடுத்துக்கொண்டு, உங்கள் மனத்துக்குப் பிடித்த வேறொரு நிறத்தை மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் நீலம் பாய்ந்ததும் உண்டு, மஞ்சள் பாய்ந்ததும் உண்டு. இரண்டையும் ஒன்றாக அணிந்தால் ஒன்று பழையதுபோலத் தோன்றும். ஆகவே விளக்கொளியில் முடிவுசெய்யாமல், சன்னலோரப் பகல் வெளிச்சத்தில் துணிகளை அருகருகே வைத்துப் பாருங்கள்.

நிறம் அடங்கியிருந்தால்தான் ஸ்காண்டிநேவிய பாணி என்பதும் தவறான எண்ணம். ஸ்டாக்ஹோம் பாணி கருப்பையும் சாம்பலையும் பெரிதும் சார்ந்தது என்றால், கோபன்ஹேகன் பாணி இளஞ்சிவப்பு, பச்சை, பூவேலைப்பாடு, கட்டம் என்று எதற்கும் தயங்காதது. தொடக்கத்தில் ஸ்டாக்ஹோம் வழியில் நடந்துவிட்டு, கை பழகியபின் கோபன்ஹேகன் பக்கம் திரும்புவது எளிது என்பது என் கருத்து.

படி 3: அடிப்படை உடுப்புகளைச் சேருங்கள்

வெள்ளை டி-சர்ட், சற்றுத் தளர்வான பருத்திச் சட்டை, வட்டக் கழுத்துள்ள மெல்லிய கம்பளி ஸ்வெட்டர், ஸ்ட்ரெய்ட் கட் ஜீன்ஸ், அடர்நிற பேன்ட், முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை, முழங்காலைத் தொடும் நீளத்தில் ஒரு கோட் ஆகிய ஏழும் போதும். விடுபட்டவற்றை ஒரே நாளில் வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. பழைய உடைகள் விற்கும் இடத்தில் நல்ல கம்பளிக் கோட் கிடைத்தால் அதையே முதலில் தேடுங்கள். வீணாக்காமல் உடுத்துவது இந்தப் பாணியின் உள்ளேயே இருக்கிறது. கோபன்ஹேகன் ஃபேஷன் வீக் என்ற ஆடை அலங்கார விழா 2023 முதல் தன் நிகழ்ச்சிகளில் பங்கேற்கும் நிறுவனங்களுக்கு 18 குறைந்தபட்ச நிபந்தனைகளை விதித்தது. முந்தைய தொகுப்புகளில் விற்காமல் தங்கிய உடைகளை அழிக்கக் கூடாது என்பதும் அவற்றுள் ஒன்று.

படி 4: வடிவத்தைச் சரிசெய்யுங்கள்

தொடக்கநிலையினர் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான் என்பதால் இதற்குச் சற்று நேரம் ஒதுக்குங்கள். மேலுடை அகலமாக இருந்தால் கீழுடை நேராக இறங்கட்டும். பேன்ட் அகலமாக இருந்தால் மேலுடை இடுப்போடு நிற்கட்டும். இரண்டும் அகலமாக இருந்தே தீர வேண்டுமானால், சட்டையின் முன்பக்கத்தை மட்டும் பேன்ட்டுக்குள் செருகி இடுப்பு எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள்.

தளர்வான உடை என்பதற்காக இரண்டு அளவு பெரியதை எடுத்துவிடக் கூடாது. தோள் தையல் தோள் எலும்பிலிருந்து சற்றே இறங்கியிருந்தால் அது தளர்வு. முழங்கையை நோக்கிச் சரிந்தால் அது பொருந்தாத அளவு. கோட்டை மட்டும் ஸ்வெட்டரின்மேல் அணிந்து பார்த்தே தேர்ந்தெடுங்கள். பேன்ட்டின் கீழ்விளிம்பு கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே நிற்பதா, ஷூவின்மேல் மெல்லப் படிவதா என்று தீர்மானித்து அதற்கேற்ப மடித்துத் தைத்துவிடுங்கள். எவ்வளவு நல்ல துணியும் நீளம் தவறினால் சோபிக்காது. மிதிவண்டி ஓட்டுபவர் என்றால் பாவாடையில் கால் வீச இடமிருக்கிறதா என்று உட்கார்ந்தும் நடந்தும் பாருங்கள்.

படி 5: அடுக்குகளை உள்ளிருந்து வெளியே கட்டுங்கள்

மோசமான வானிலை என்று ஒன்று இல்லை, மோசமான உடைதான் உண்டு என்பது நார்வேயின் பழமொழி. அந்த மொழியில் வானிலை ‘வேர்’, உடை ‘க்லேர்’ என்பதால் பழமொழி இயைபோடு ஒலிக்கிறது. அதன்படி உடலை ஒட்டி மெல்லிய மெரினோ (ஒரு வகைச் செம்மறியாட்டின் மென்மையான கம்பளி), அதன்மேல் சூடு காக்கும் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்றையும் மழையையும் தடுக்கும் கோட் என்று மூன்று அடுக்குகள் அமைகின்றன. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை உள்வாங்கிய பின்னும் கைக்கு ஈரமாகத் தெரியாது. பருத்தியோ வியர்வையை வாங்கி உடலோடு ஒட்டிக்கொண்டு குளிரைக் கூட்டும். குளிர் மிகுந்த நாளில் டி-சர்ட்டுக்குப் பதிலாக மெரினோவை உள்ளே அணியச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

இனி, பார்வைக்கு உரிய விதி ஒன்று உண்டு. அறைக்குள் நுழைந்ததும் கோட்டையும் சிறிது நேரத்தில் ஸ்வெட்டரையும் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால், ஒவ்வோர் அடுக்கும் தனியே நின்றாலும் முழுமையான உடையாக இருக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். கசங்கிய சட்டையை ஸ்வெட்டருக்குள் மறைத்திருந்தால் அந்த நொடியே தெரிந்துவிடும். வெளிர்நிறச் சட்டையின் காலரும் கைவிளிம்பும் கருநீல ஸ்வெட்டரிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு எட்டிப்பார்ப்பதும், சாம்பல் கோட்டின்மேல் பெரிய கம்பளி ஸ்கார்ஃப் இரண்டு சுற்றாக விழுவதும் இந்தப் பாணியில் எனக்கு மிகவும் பிடித்த காட்சிகள்.

படி 6: ஒன்றை மட்டும் பேசவிடுங்கள்

நார்வேயின் சேதெஸ்டால் பள்ளத்தாக்கில் பிறந்த ‘லூசெகோஃப்டே’ என்ற பின்னல் மேலுடையில், கருப்புப் பரப்பெங்கும் வெள்ளைப் புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கும். அந்தப் புள்ளிகளைப் பேனுக்கு ஒப்பிட்டே பெயரும் அமைந்தது. அத்தகைய வேலைப்பாடுள்ள ஸ்வெட்டரை அணியும் நாளில் பேன்ட், ஷூ, பை அனைத்தும் ஒரே நிறமாக அமையட்டும். மூன்றாவது நிறத்தைப் பாவாடையில் காட்டினால் நகையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

காலணிக்கு வெள்ளை ஸ்னீக்கர் ஒன்றும், தட்டையான கருப்பு பூட்ஸ் ஒன்றும் போதும். பை தோளில் மாட்டக்கூடியதாக இருந்தால் கைகள் இரண்டும் விடுபட்டிருக்கும்.

படி 7: துணியைப் பேணுங்கள்

குறைவான உடைகளை அடிக்கடி உடுத்தும்போது ஒவ்வொன்றின் நிலையும் கண்ணுக்குத் தெரியும். கம்பளியை ஒவ்வொரு முறையும் துவைக்காமல் இரவில் காற்றோட்டமான இடத்தில் விரித்து வையுங்கள். துவைக்க நேர்ந்தால் 30 டிகிரிக்கு மேற்படாத நீரில், கம்பளிக்குரிய சோப்புத் திரவத்தில் அலசி, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாக விரித்து உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தால் ஸ்வெட்டர் நீண்டுவிடும். அக்குளிலும் கைவிளிம்பிலும் திரளும் சிறு உருண்டைகளை, துணியை மேசைமேல் இறுக்கமில்லாமல் பரப்பி, கம்பளிச் சீப்பால் ஒரே திசையில் மெல்ல வாரி எடுங்கள்.