டில்லமூக் மரக் கொட்டகை: படமெடுக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் கடற்கரைக்குப் பக்கத்தில், டில்லமூக் ஊருக்குத் தெற்கே, மாடு மேயும் புல்வெளிகளுக்கு நடுவில் ஒரு மரக் கொட்டகை நிற்கிறது. நீளம் 1,072 அடி, அகலம் 296 அடி, உயரம் 192 அடி. தரை மட்டுமே 7 ஏக்கருக்கு மேல். இப்போது அதற்குள் விமான அருங்காட்சியகம் நடக்கிறது. உள்ளே நுழைகிறவர்கள் அண்ணாந்து பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிடுவார்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து படத்தைத் திறந்தால், ஏதோ ஒரு கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். நான் முதல் தடவை எடுத்த படங்களும் அப்படித்தான் வந்தன. அடுத்தடுத்துப் போனபோதுதான் எங்கே தவறு என்று பிடிபட்டது.

முதல் தவறு, கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. இதை விமானக் கொட்டகை என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகிறோம். தரையில் விமானங்கள் நிற்பதால் கண்ணும் கேமராவும் தானாக அவற்றின் பக்கம் திரும்புகின்றன. ஆனால் இது விமானத்துக்காகக் கட்டியது அல்ல. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய நீர்மூழ்கிகளைத் தேடவும் கப்பல்களுக்குக் காவல் போகவும் அமெரிக்கக் கடற்படை ஹீலியம் நிரப்பிய கே ரக வான்கப்பல்களைப் பறக்கவிட்டது. ஒவ்வொன்றும் சுமார் 250 அடி நீளம். அவற்றில் எட்டு இங்கே தங்கின. போர்க்காலத்தில் எஃகு கிடைப்பது அரிது. அதனால் டக்ளஸ் ஃபர் மரத்தை, எளிதில் தீப்பிடிக்காமல் இருக்க உப்புக் கரைசலில் பதப்படுத்தி, 1943-ல் இதைக் கட்டி முடித்தார்கள்.

இது தெரிந்தால் படம் மாறும். வாயு நிரப்பிய வான்கப்பல்கள் மிதந்து நிற்பதற்கான காலி இடம்தான் இங்கே கட்டப்பட்ட பொருள். கீழே நிற்கும் விமானங்களைப் படத்தின் அடியில் ஒரு வரிசையாக ஒதுக்கிவிட்டு, மேலே இருக்கும் காலி இடத்துக்குப் படத்தின் பெரும்பகுதியைக் கொடுங்கள். காலியாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

இரண்டாவது தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது. இடம் பெரியது, ஆகவே இருப்பதிலேயே அகலமான லென்ஸ் வேண்டும் என்ற நினைப்பு. 14 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு கோடியில் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் அடி தள்ளி இருக்கும் கடைசி வளைவு, ஃபுல் ஃபிரேம் (36 x 24 மி.மீ. சென்சார்) கேமராவில், படத்தின் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் வரும். 192 அடி உயரம் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிவிடும். பக்கத்தில் கிடக்கும் நாற்காலியும் கயிற்றுத் தடுப்பும் பூதாகரமாகத் தெரியும். ஃபோனில் 0.5 பொத்தானை அழுத்தினாலும் இதே கதைதான். பனோரமா எடுத்தால் இன்னும் மோசம், நேரான உத்தரமெல்லாம் வாழைப்பழம் போல வளைந்துவிடும்.

அதே இடத்தில் நின்று 70 மி.மீ. லென்ஸை மாட்டிப் பாருங்கள். அந்தக் கடைசி வளைவு படத்தின் உயரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஏறக்குறைய 20 அடிக்கு ஒன்றாக நிற்கும் வளைவுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாற்போல நெருங்கி வரும், ஒரு பெரிய திமிங்கிலத்தின் விலா எலும்புகளுக்குள் இருந்து பார்க்கிற மாதிரி. இடம் எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் படத்தில் ஏறுகிறது. ஃபோனில் எடுக்கிறவர்கள் 2 அல்லது 3 மடங்கு லென்ஸைத் தொடுங்கள். அகல லென்ஸை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு வளைவை அடிமுதல் உச்சிவரை காட்ட அது வேண்டும். கொட்டகையின் நீளத்தைக் காட்ட அது உதவாது.

இதோடு ஒட்டியது, ஆள் இல்லாமல் எடுப்பது. யாராவது குறுக்கே வந்தால் அவர் நகரும்வரை காத்திருக்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இங்கே அதைக் கைவிடுங்கள். வாசல் 120 அடி உயரம், 220 அடி அகலம். தண்டவாளத்தில் உருளும் பெரும் பலகைகளாகக் கதவு. அந்தக் கதவைத் தனியாக எடுத்தால் ஒரு கார் ஷெட் கதவுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. கூட வந்தவரை அதன் அடியில் நிற்கச் சொல்லுங்கள். அவரைக் கேமராவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிடக் கூடாது, கதவை ஒட்டியே நிற்க வேண்டும். வெளிர் நிறச் சட்டை போட்டிருந்தால் இன்னும் நல்லது, அந்த இருட்டு மரத்துக்கு முன்னால் சின்னப் புள்ளியாக இருந்தாலும் கண் அவரைக் கண்டுபிடித்துவிடும்.

அடுத்து வெளிச்சம். கதவு திறந்திருந்தால் வெளியே கண் கூசும், உள்ளே கூரை கருத்துக் கிடக்கும். கேமராவின் ஆட்டோ இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவை வைத்து இரண்டையும் கெடுத்துவிடும். டிரைபாடில் வைத்து இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) இடைவெளியில் மூன்று படம் எடுத்துச் சேர்ப்பது ஒரு வழி. டிரைபாட் விரிக்கலாமா என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். சேர்க்கும்போது கை மீறாமல் இருப்பது முக்கியம். நிழல்களையெல்லாம் தூக்கி, மரத்தை ஆரஞ்சு நிறத்தில் பளபளக்க வைத்த படங்களைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும். 80 வருடத்துக்கு மேல் பழுத்த மரம் அது. அதன் பழுப்பும் சாம்பலும் அப்படியே இருக்கட்டும், கூரையின் உச்சி இருட்டாகவே இருக்கட்டும். உள்ளே விளக்கு ஒரு நிறம், வாசலில் வரும் பகல் வெளிச்சம் வேறு நிறம் என்பதால் ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் கோப்பு) எடுத்து வையுங்கள், நிறத்தைப் பிறகு நிதானமாகச் சரிசெய்யலாம்.

வெயில் இல்லையே என்று பயணத்தைத் தள்ளிப்போடுவதும் தவறுதான். அந்தக் கடற்கரையில் மழையும் மூடுபனியும் சகஜம். மேகம் மூடிய நாளில் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் குறைந்து, வேலை பாதியாகிவிடும்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். நல்ல ஃபிளாஷ்கூட, சென்சார் உணர்திறன் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் திறப்பு எஃப்/4 வைத்தால் 50 அடி தாண்டுவதே பாடு. கூரை 190 அடியில் இருக்கிறது. காற்றில் மிதக்கும் தூசிதான் வெள்ளை வட்டங்களாகப் படத்தில் விழும்.

கேமராவை அரைகுறையாக அண்ணாந்து பிடிக்காதீர்கள். வளைவுகள் பின்பக்கம் சாய்ந்து விழுவது போல வரும். மட்டமாகப் பிடியுங்கள், இல்லையென்றால் உச்சியை நோக்கி முழுக்க நிமிர்த்திவிடுங்கள். நட்டநடுவில் நின்று எடுப்பதாக இருந்தால் உண்மையிலேயே நட்டநடுவில் நில்லுங்கள். ஒரே அச்சாக இத்தனை வளைவுகள் அடுக்கி நிற்கும்போது, இரண்டடி தள்ளி நின்றாலும் படம் காட்டிக்கொடுத்துவிடும்.

வெளியே வந்ததும் சுவரை ஒட்டி நின்று எடுப்பது வீண். அங்கிருந்து பார்த்தால் பெரிய சுவர், அவ்வளவுதான். சாலைப் பக்கம் தள்ளிப் போய், 100 மி.மீ.க்கு மேல் உள்ள லென்ஸில் பாருங்கள். புல்வெளியும் பின்னாலிருக்கும் மலையும் சேர்ந்து வரும். வேலியைத் தாண்டாதீர்கள், அது பிறருடைய நிலம். டிரோன் எண்ணம் இருந்தால், பக்கத்திலேயே டில்லமூக் விமான நிலையம் இருக்கிறது, விதிகளைப் பார்த்து அனுமதி வாங்காமல் பறக்கவிடக் கூடாது.

கடைசியாக, மரத்தை மறந்துவிடுவது. எல்லோரும் பிரம்மாண்டத்தைத் தேடி ஓடுகிறோம். வளைவு கீழே இறங்கும் இடத்தில் போய் நில்லுங்கள். பட்டையான சட்டங்களை ஒன்றோடொன்று சேர்த்து, பெரிய போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். மரத்தின் ரேகையோடு ஓடும் வெடிப்புகள், போல்ட்டைச் சுற்றி மரம் கறுத்த வட்டம், எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில். வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற வளைவாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு ரேகையும் எழுந்து நிற்கும்.

இந்தப் படங்களுக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. டில்லமூக்கில் முதலில் இரண்டு கொட்டகைகள் இருந்தன. இப்போது நிற்பது பி. அதன் ஜோடியான ஏ, வைக்கோல் அடுக்கி வைக்கும் இடமாக இருந்தபோது, 1992-ல் எரிந்துபோனது. கலிபோர்னியாவின் டஸ்டினில் இருந்த இதே வகைக் கொட்டகைகளில் வடக்குப் பக்கத்தது 2023 நவம்பரில் தீக்கு இரையானது. இதுவும் போய்விட்டால் படம்தான் மிஞ்சும். ஆகவே மரச் சட்டங்கள் சேரும் இணைப்புகளை எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோலையோ நாணயத்தையோ வைத்து இன்னொரு படமும் எடுங்கள். எந்தப் பக்கம், கதவிலிருந்து எத்தனையாவது வளைவு, என்ன தேதி என்று அன்றைக்கு ராத்திரியே படத்தோடு குறித்து வையுங்கள்.